யாரூட்டுக்கு வந்தீங்க? இருக்கம் தீவில் ஒரு நடை

27 ஜனவரி 2025, திங்கள். சூளூர்ப்பேட்டை

என் ஊர் திருத்தணி. எங்களுக்கு ஆந்திரா என்றால் பக்கத்து வீடு மாதிரி. என் பாட்டி சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவார், வீட்டுக்கு வந்து தமிழில் கணக்குச் சொல்வார். 1960 ஏப்ரல் 1 வரை எங்கள் ஊர் ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்தது. அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. நாங்கள் வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அந்தப் பக்கம் இருக்கும் தமிழர்களைப் பற்றி ஒரு வரி கூடச் சொன்னதில்லை. பழவேற்காடு ஏரிக்குள் ஆந்திர எல்லையில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே எல்லாரும் பேசுவது தமிழ்தான் என்று ரயிலில் ஒரு மீன்கார அக்கா சொன்ன நாளிலிருந்து, அங்கே போய் ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும் என்று ஆசை.

மதியம் சூளூர்ப்பேட்டையில் இறங்கினேன். ஊரே நிரம்பி வழிகிறது. புதன்கிழமை காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100ஆவது ராக்கெட் கிளம்பப் போகிறது. போனில் 800 ரூபாய் என்று சொன்ன அறைக்கு நேரில் 1,500 கேட்டார்கள். வேறு எங்கேயும் இடமில்லாததால் கொடுத்தேன்.

சாப்பாடு மட்டும் மனசை ஆற்றியது. 120 ரூபாய். இலையில் முதலில் விழுந்தது பருப்புப் பொடியும் நெய்யும். அடுத்து கோங்குரா. பரிமாறிய பெரியவர் நான் தமிழ் என்று தெரிந்ததும் குழம்பு வாளியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு "காரம்மா, காரம்" என்று எச்சரித்தார். பரவாயில்லை என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்துக்காகவே இரண்டாம் தடவை வாங்கினேன்.

மாலையில் ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் ஆட்டோ, போக வர 500. சாலைக்கு இரண்டு பக்கமும் ஏரி. நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இது. ஆனால் ஆழமே கிடையாது, பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான். பூநாரைகள் வருவது அதனால்தான். தூரத்தில் வெளிர் கோடு மாதிரி நின்றன. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்று நீரை வடிகட்டியபடி வரிசையாக நடந்தன. ஒரு கூட்டம் எழும்பியபோது இறக்கைகளின் உள்பக்கம் சிவந்து விரிந்தது. ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு என்னோடு பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ரோடு போட்டதிலிருந்து வடக்குப் பக்கம் தண்ணீர் ஓட்டம் குறைந்துபோனது என்று அவருக்கு வருத்தம்.

திரும்பும் வழியில் செங்காளம்மன் கோயில். இரவும் பகலும் நடை சாத்தாத கோயில். ராக்கெட் விடுவதற்கு முன்னால் விஞ்ஞானிகள் வந்து கும்பிட்டுப் போவார்களாம். நானும் படகு நல்லபடியாகப் போக வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

28 ஜனவரி, செவ்வாய். இருக்கம்

டீக்கடை டிவியில், விடியற்காலை 2.53க்கே கவுண்ட்டவுன் தொடங்கிவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தேழரை மணி நேரம் எண்ணுவார்கள். டீ 10 ரூபாய், நுரை நிறைய.

தடாவிலிருந்து பீமுலவாரிபாளையம் படகுத்துறைக்கு ஷேர் ஆட்டோ. துறையில் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லார் பையிலும் வாழைக்காயும் பூசணிக் கீற்றும் அகத்திக்கீரையும் எட்டிப் பார்த்தன. அப்போதுதான் உறைத்தது, நாளைக்குத் தை அமாவாசை.

எனக்கு நீந்தத் தெரியாது. 2011இல் கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில், தெற்கே பழவேற்காட்டில், படகு கவிழ்ந்து 22 பேர் போனது நினைவில் இருந்தது. மிதவைச் சட்டை கேட்டேன். ஒன்று தந்தார்கள், ஒரு பக்கத்து வார் அறுந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் தன் முந்தானை ஊக்கைக் கழற்றி வாரைச் சேர்த்துக் குத்திவிட்டார். "தண்ணி இடுப்பளவு கூட இல்லக்கா, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் குத்தினார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சொன்னது உண்மைதான். முக்கால்வாசி தூரத்தில் படகு சேற்றில் தட்டி நின்றது. "காத்து தண்ணிய அந்தாண்ட தள்ளிடுச்சு" என்றார் படகுக்காரர். ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள், போதவில்லை. பெண்களும் இறங்கினோம். சேறு கணுக்காலைக் கவ்விப் பிடித்தது. இடது கால் செருப்பு உள்ளேயே போய்விட்டது. ஒரு பையன் கையை விட்டுத் துழாவினான், மேலே வந்தது ஒரு சிப்பி ஓடுதான். சரி என்று வலது செருப்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தீவு முழுக்க வெறுங்காலோடுதான் நடந்தேன். இறக்கிவிடும்போது படகுக்காரர் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு, "நாலு மணிக்கு இங்க இருங்க" என்றார்.

கரையிலிருந்து ஊருக்குப் போகும் பாதையில் ஒரு பக்கம் சீமைக்கருவேலம், இன்னொரு பக்கம் பனை. தாண்டினால் அறுத்த வயல். தாள் இன்னும் பச்சை வாடை அடித்தது. மாடுகள் மேய, அவற்றின் முதுகில் உண்ணிக்கொக்குகள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலை நிமிர்ந்தார்.

"யாரூட்டுக்கு வந்தீங்க?"

யார் வீட்டுக்கும் இல்லை, ஊரைப் பார்க்க வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஊர்னா, ஊட்டுக்குத்தான வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே பார்த்து "தண்ணி எடுத்தா" என்று குரல் கொடுத்தார்.

அன்றைக்கு அந்தக் கேள்வியைப் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். கிணற்றடியில் ஓர் அம்மா, சைக்கிளில் ஒரு பையன், திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒருவர். கேட்ட விதத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. இங்கே வரவேண்டுமென்றால் படகு ஏற வேண்டும். யாரும் வழி தவறி வந்துவிட முடியாது. அப்படி வருகிற ஆள் கல்யாணத்துக்கோ சாவுக்கோ கடன் கேட்கவோ, ஒரு வீட்டைக் குறித்துத்தான் வந்திருக்க வேண்டும். யார் வீடு என்று தெரிந்தால் வழி காட்டலாம். அவ்வளவுதான். ஒவ்வொரு இடத்திலும் குடிக்க ஏதாவது வந்தது. மூன்று இடத்தில் மோர். மூன்றாவது மோரில் மாங்காய் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். இன்னும் அந்த மணம் தொண்டையில் இருக்கிறது.

கேட்காதவர் ஒருவர் இருந்தார். மேற்குக் கரைக்கு நடந்தபோது, தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்த பெண். கழுத்தளவு மூழ்கியிருந்தார். பனையோலைக் கூடை ஒன்றின் கயிற்றைப் பல்லால் கடித்திருந்தார், கூடை மார்புக்கு முன்னால் தொங்கியது. இரண்டு கைகளையும் சேற்றின் மேல் அகல விரித்து, மாவு பிசைகிற மாதிரி மெதுவாக நடுவுக்குக் கொண்டுவருகிறார். விரலில் ஏதோ தட்டியதும் கை அப்படியே அழுந்தி நிற்கிறது. அப்புறம் மேலே வருகிறது, விரல்களுக்கு நடுவில் துள்ளும் ஓர் இறால். கூடைக்குள் போடுவதைக் கண் பார்ப்பதில்லை. வலை இல்லை, தூண்டில் இல்லை, படகும் இல்லை. இருளர் பெண்கள் இப்படித்தான் கையால் தடவி இறால் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆந்திரப் பக்கம் யானாதி பழங்குடிப் பெண்கள். நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வாயில் கயிறு இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. புருவத்தை உயர்த்தி ஒரு தலையாட்டல் மட்டும். கால் மணி நேரம் கழித்துக் கரையேறியபோது கூடையில் ஒரு கைப்பிடி இருந்திருக்கும். சுட்டுவிரலிலும் கட்டைவிரலிலும் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றியிருந்தார். சிப்பி கிழிக்காமல் இருக்கவாம். ரப்பரைக் கழற்றியபோது விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது, பழைய கிழிசல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். "நல்ல நாள்ல ஒரு கிலோ. குளுருல அது சேத்துக்குள்ள பூந்துக்கும், அப்ப கைக்குத்தான் சிக்கும், வலைக்குச் சிக்காது" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் ஒரு பெருமை. வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். நான் வாங்கும் இறாலுக்கு இனிமேல் பேரம் பேச எனக்கு வாய் வராது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. ஆனாலும் மூன்றரைக்கே துறைக்கு வந்துவிட்டேன். படகு இல்லை. தண்ணீர் இன்னும் வற்றும் என்று பயந்து மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்களாம். ராத்திரி எங்கே இருப்பது என்று நினைத்ததும் வயிறு கலங்கியது. போனில் ஒரு கோடுதான் சிக்னல்.

அரிசி மூட்டையைத் தூக்கிப் போக ஆள் தேடி நின்ற ஆயா ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், என்னை மேலும் கீழும் பார்த்தார். "படகு பூட்ச்சா? இன்னா பண்றது, குந்து. பேரன் வரட்டும், ஊட்டுக்குப் போலாம்." இவ்வளவுதான் கேள்வி. பேர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, ஏன் தனியாக வந்தாய் என்றும் கேட்கவில்லை.

ஆயா வீட்டில் மருமகள், பத்து வயதுப் பேரன். மகன் ஏரியின் கடைக்கோடியில் நண்டு வலை போடப் போயிருந்தார், இரவு தாமதமாகத்தான் வந்தார். மருமகள் ஒரு நைட்டி கொடுத்து, வெந்நீர் வைத்துக் கொடுத்தார். "நாளைக்கு அமாவாச, கவிச்சி கெடையாது. இன்னிக்கே துன்னுடு" என்று ஆயா மடவை மீன் குழம்பு வைத்தார். புளி கம்மி, மிளகாய் ஆந்திரா அளவு. மீனின் வயிற்றுப் பக்கக் கொழுப்பு குழம்பில் மஞ்சளாக மிதந்தது. உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்து மடவைக்கு ஒரு தித்திப்பு இருக்கிறது, கடல் மீனில் அது வராது.

சாப்பிட்டு முடித்ததும் என் ஊர்க் கதையைச் சொன்னேன். திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சில கிராமங்கள் அந்தப் பக்கம் போனது. ஆயா கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச நாளா இது ஆந்திராதான். பொண்ணு குடுத்தது ஆரம்பாக்கம், அது தமிழ்நாடு. ஏரிக்கு ஏது எல்ல?" என்றார். ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார். எல்லாம் தெலுங்கு எழுத்து, அவரால் படிக்க முடியாது. பேரன் வாங்கிக் கடகடவென்று படித்தான். இருக்கம் என்று நாம் சொல்வது தெலுங்கில் இரகம் என்று இருக்கிறதாம். அதிலிருக்கும் ஆயாவின் பேரையும் அவன் தெலுங்கு உச்சரிப்பில் நீட்டிப் படித்தான். "என் பேரு அப்பிடியாடா இருக்குது?" என்று ஆயா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பேரைத் தானே படிக்க முடியாமல் ஒருவர் இத்தனை வருஷம் அந்த அட்டையை மடித்து வைத்திருக்கிறார். எங்களுக்கு அந்தக் குறை வரக்கூடாது என்றுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிறைக்குப் போனார்கள்.

திண்ணையில் படுக்கை. நிலவில்லாத இரவு, ஏரி எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வடகிழக்கே மட்டும் ஸ்ரீஹரிகோட்டாவின் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

29 ஜனவரி, புதன். இருக்கம், ஆரம்பாக்கம்

ஐந்தரைக்கே பையன் என் காலை உலுக்கினான். தெருவில் பாதி ஊர் கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. போர்வை போர்த்திய பெரியவர்கள், தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள். கால் வைத்த இடமெல்லாம் பனியில் நனைந்த சில்லென்ற மணல். ஒருவர் செல்போனில் நேரலை வைத்திருந்தார், அது நின்று நின்று ஓடியது. இந்த மாதம்தான் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் என்று ஒருவர் சொல்ல, "நம்மாளு" என்று இன்னொருவர் தலையாட்டினார்.

6.23. சூரியன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு நிறப் பொட்டு வீங்கியது. சத்தமே இல்லை. பொட்டு தரையை விட்டு எழுந்ததும் ஏரித் தண்ணீரில் அதன் வெளிச்சம் எங்கள் கால் வரைக்கும் நீண்டது. 50 மீட்டர் உயரம், 420 டன் எடை என்று நேற்று டிவியில் சொன்னார்கள். இங்கிருந்து பார்த்தால் ஊதுவத்தி நுனி மாதிரி இருக்கிறது. பையன் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகி, ராக்கெட் நன்றாக மேலேறிய பிறகுதான் அந்த உறுமல் ஏரியைத் தாண்டி வந்து சேர்ந்தது. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் அதிர்ந்தது. கரையோரம் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தன. என் கண்ணில் தண்ணீர். ஆயா வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புகை கலையும் முன்னே எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அமாவாசைச் சமையல் இருக்கிறது. ஆயா புருஷனுக்குப் படையல். வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, பாகற்காய், உளுந்து வடை, வெல்லப் பாயசம். அகத்திக்கீரை மாட்டுக்கு. வடை தட்ட என்னையும் உட்கார வைத்தார்கள். காக்கைக்கு வைத்த சோற்றைக் காகம் வந்து எடுக்கும் வரை யாரும் சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. "ராக்கெட்டு வெரட்டிட்ச்சு" என்று மருமகள் முணுமுணுத்தார். கடைசியில் ஒன்று வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. "அவருக்கு எப்பவும் வடதான்" என்று ஆயா இலை போடச் சொன்னார்.

கிளம்பும்போது 500 ரூபாயைப் பையன் சட்டைப் பையில் வைத்தேன். ஆயா பார்த்துவிட்டு எடுத்து என் கையில் திணித்தார். எத்தனை தடவை கொடுத்தாலும் வாங்க மாட்டார் என்று தெரிந்ததும் பையனுக்கு நோட்டும் பேனாவும் அனுப்புகிறேன் என்று சொல்லி முடித்தேன். கட்டாயம் அனுப்ப வேண்டும். அப்புறம் ஒரு காரியம் கொடுத்தார். பழைய பால் கவரில் கட்டிய சென்னாக்குன்னி, அதாவது காய்ந்த பொடி இறால், ஒரு கிலோ இருக்கும். ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் பூ கட்டி விற்கும் மகளிடம் சேர்க்க வேண்டும்.

துறை வரைக்கும் மருமகளின் பழைய ரப்பர் செருப்பு என் காலில். இன்றைக்குத் தண்ணீர் ஏறியிருந்தது, படகு எங்கேயும் தட்டவில்லை. புதிதாக ஏறிய ஒருவர் என்னைப் பார்த்து "யாரூட்டுக்கு வந்தாங்க?" என்று படகுக்காரரிடம் கேட்டார். அவர் ஆயா பேரைச் சொன்னார். கேட்டவர் தலையாட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

ஆரம்பாக்கத்தில் அந்த அக்காவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, முகம் அப்படியே ஆயா. கவரை வாங்கிப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்.

"அம்மா காலு எப்பிடி இருக்குது? படி ஏறுதா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார் என்றேன்.

"ஆசுபத்திரிக்கு வான்னா வராது. படகு ஏறுறதுக்குள்ள இன்னும் ஒரு காலும் போயிடும்னும்." பூவைக் கட்டிக்கொண்டே பேசியவர் நிறுத்தினார். "மெலிஞ்சிருக்குதா?"

எனக்கு முன்னே எப்படி இருந்தார் என்று தெரியாதே என்றேன். மூட்டையை அவரே தூக்கப் பார்த்தார், பேரன் வந்துதான் தூக்கினான், ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், விடியற்காலை கரை வரைக்கும் நடந்து வந்து ராக்கெட் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கரை வரைக்குமா என்று இரண்டு தடவை கேட்டார். ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும், ஒரு முழம் மல்லியை வாழை நாரோடு என் கையில் சுற்றிவிட்டு, சென்னாக்குன்னியில் பாதியை ஒரு செய்தித்தாளில் கொட்டி மடித்தார். தெலுங்குச் செய்தித்தாள்.

"கத்திரிக்கா போட்டுச் செய்யுங்க. மண்ணு இருக்கும், மூணு தண்ணி அலசணும்."